மக்கள் என்றால் பிள்ளைகளா?

பாப்புலிசம் என்பதைத் தமிழில் ஜனரஞ்சகவாதம் என்று எழுதுபவர்கள் உண்டு. வெகுசனவாதம் என்று எழுதுபவர்களும் உண்டு. முதல் சொல் நம்மைச் சினிமா விமர்சனத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. கூட்டத்துக்குப் பிடித்ததைக் கொடுத்துக் கைதட்டல் வாங்குவது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, தமிழ்நாட்டில் பாப்புலிசம் பற்றிப் பேசத் தொடங்கினாலே பேச்சு மிக்ஸி, கிரைண்டர், ஆயிரம் ரூபாய் என்று போய் நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் வேறு ஓர் இடத்தைப் பார்க்க விரும்புகிறேன். தலைவர்கள் நமக்கு என்ன கொடுத்தார்கள் என்பது ஒரு கேள்வி. கொடுக்கும்போது நம்மை என்ன முறை வைத்து அழைத்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. ஜனநாயகத்துக்கு வந்திருக்கும் ஆபத்து இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் இலவசத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலையில் பிரதமர் மோடி, இலவசங்களைக் காட்டி ஓட்டு வாங்குவதை ‘ரேவ்டி’ கலாச்சாரம் என்றார். ரேவ்டி என்பது எள்ளும் வெல்லமும் சேர்ந்த வடநாட்டு மிட்டாய். மிட்டாய்க்கு மயங்குவது யார்? குழந்தைகள். நம் ஊர் நடுத்தர வர்க்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: மிக்ஸிக்கு ஓட்டை விற்றுவிட்டார்கள். இந்த ஏளனத்தில் பெண்ணியவாதிகள் சேர முடியாது. அம்மியும் ஆட்டுரலும் யாருடைய தோள்பட்டையைத் தேய்த்தன என்பது நமக்குத் தெரியும். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டம் எத்தனையோ பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி பசித்தவருக்கு இட்லிதான். 2021-இல் வந்த கட்டணமில்லாப் பேருந்து, பக்கத்து ஊருக்குப் போகப் புருஷனிடம் சில்லறை கேட்டு நிற்க வேண்டிய தேவையை ஒழித்தது. வரிப்பணத்தில் ஒரு பங்கு அடுப்படிக்கும் வந்து சேர்ந்தால் அது ஜனநாயகத்தின் வேலைதான்.

அப்படியானால் பாப்புலிசத்தில் எது ஆபத்து? ஜெர்மன் அரசியல் சிந்தனையாளர் யான்-வெர்னர் முல்லர் 2016-இல் வெளிவந்த தன் நூலில் ஒரு தெளிவான விடை தருகிறார். மேட்டுக்குடியை எதிர்ப்பது மட்டுமே ஒருவரைப் பாப்புலிஸ்ட் ஆக்கிவிடாது. ‘உண்மையான மக்களுக்கு நான் மட்டுமே பிரதிநிதி’ என்று உரிமை கொண்டாடுவதுதான் அதன் அடையாளம். அந்த உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டால் எதிர்க்கட்சி, நீதிமன்றம், பத்திரிகை, சங்கம் எல்லாம் தலைவருக்கும் மக்களுக்கும் நடுவில் வந்து நிற்கும் இடைஞ்சல்களாகிவிடும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே துல்லியமான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் சிறப்பு நீதிமன்றம் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டுச் சிறையும் நூறு கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் பதவி இழந்தார். இரண்டு நாளில் ஓ. பன்னீர்செல்வம் தலைமையில் புதிய அமைச்சரவை அழுதுகொண்டே பதவியேற்றது. சட்டப்படி முதல்வர் பன்னீர்செல்வம். ஆனால் ஜெயலலிதாவுக்கு அப்போது ஒரு புதிய பட்டம் வந்தது: ‘மக்களின் முதல்வர்’. இந்த இரண்டு சொற்களுக்குள் முல்லரின் புத்தகம் முழுவதும் இருக்கிறது. சட்டத்துக்கு ஒரு முதல்வர், மக்களுக்கு ஒரு முதல்வர். சட்டமும் மக்களும் எதிரெதிராக நிறுத்தப்பட்ட பிறகு, சட்டத்தின் பக்கம் நிற்பவர் மக்களின் பகைவர் ஆகிறார்.

முல்லரின் விளக்கத்தில் குடும்பம் இல்லை. தமிழில் இதைப் பேசும்போது குடும்பத்தைத் தவிர்க்க முடியாது. ‘மக்கள்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மகன், மகள் ஆகியவற்றின் பன்மை அது. தொல்காப்பியம் உயர்திணையை வரையறுக்கும்போது மக்கள் என்றால் மனிதர்கள். திருக்குறளின் ‘மக்கட்பேறு’ அதிகாரத்தில் மக்கள் என்றால் பெற்ற பிள்ளைகள். ஒரே சொல்லில் மனித இனமும் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது. அரசியலமைப்பின் முகப்புரை ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்கும்போது முதல் பொருள் பேசுகிறது. மேடையில் ஒரு தலைவர் ‘என் மக்கள்’ என்னும்போது இரண்டாம் பொருள் மெல்ல ஏறி அமர்ந்துகொள்கிறது.

திராவிட இயக்கத்தின் விளி வரலாற்றைப் பார்த்தால் இந்த ஏற்றம் படிப்படியாக நடந்திருப்பது தெரியும். அண்ணா எழுதிய கடிதங்கள் ‘தம்பி’க்கு எழுதப்பட்டவை. கருணாநிதி ‘உடன்பிறப்பே’ என்று அழைத்தார். எம்.ஜி.ஆர். ‘ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே’ என்றார். பெண்கள் அவருக்குத் ‘தாய்க்குலம்’. ஜெயலலிதா ‘அம்மா’ ஆனார். தம்பி, உடன்பிறப்பு என்ற வரிசையில் மூத்தவன் இளையவன் பேதம் உண்டு. ஆனாலும் தம்பி அண்ணனோடு வாதாடலாம், பங்கு கேட்கலாம், பிரிந்துபோய்த் தனிக்குடித்தனமும் வைக்கலாம். தி.மு.க.வின் வரலாற்றில் இவை எல்லாமே நடந்திருக்கின்றன. தாயிடம் பங்கு கேட்கும் பிள்ளைக்கு நம் பண்பாட்டில் வேறு பெயர் இருக்கிறது.

அரசியல் ஆய்வாளர் நரேந்திர சுப்பிரமணியன் 1999-இல் வெளியிட்ட நூலில் தி.மு.க.வினுடையதை உரிமை கோரும் பாப்புலிசம் என்றும், அ.தி.மு.க.வினுடையதைப் பாதுகாவலர் பாப்புலிசம் என்றும் வேறுபடுத்தினார். முதலாவது, இடைநிலைச் சாதிகளும் சிறு உடைமையாளர்களும் மேலே வர ஏணி கேட்டது. இரண்டாவது, மிக ஏழைகளுக்கும் பெண்களுக்கும் இரங்கும் தலைவரைக் காட்டியது. பயனுள்ள பாகுபாடு இது. ஆனால் பெண்கள் ஏன் இரண்டாவது பட்டியலில் மட்டும் வருகிறார்கள் என்று நாம் நின்று கேட்க வேண்டும். உரிமை கோரிய அரசியலின் விளி ‘தம்பி’. அங்கே தங்கைக்குக் கடிதம் வரவில்லை. கேட்கும் அரசியலில் இடம் கிடைக்காத பெண்கள், கொடுக்கும் அரசியலில் தம் முகத்தைத் தேடினார்கள். இதைப் பெண்களின் அறியாமை என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

ஜெயலலிதாவின் கதையும் இங்கே வேலை செய்தது. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்ற அமளியில் தான் தாக்கப்பட்டதாகவும் தன் சேலை இழுக்கப்பட்டதாகவும் அவர் சொன்னார், தி.மு.க. மறுத்தது. 1991-இல் அவர் முதல்வரானபோது, ஆண்கள் நிறைந்த சபையில் ஒரு பெண் பட்ட அவமானத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதாகப் பல பெண்கள் உணர்ந்தார்கள். அந்த உணர்வை நான் சிறிதாக எண்ணவில்லை. தொட்டில் குழந்தைத் திட்டமும் அனைத்து மகளிர் காவல் நிலையமும் 1992-இல் அவர் ஆட்சியில்தான் வந்தன. ஆனால் அதே 1992-இல்தான் வாச்சாத்தியும் நடந்தது.

தர்மபுரி மாவட்டத்தில் அரூர் அருகே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அன்றைய அரசு குற்றச்சாட்டை மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றப் படிகளை ஏறிய பிறகு, 1995-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. 31 ஆண்டுகள். ‘தாய்க்குலம்’ என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆட்சியின் வாத்சல்யம் அந்தப் பெண்கள்வரை போகவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அத்தனையும் விசாரணை, சாட்சியம், குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்ற வறண்ட நடைமுறைகளின் வழியாகக் கிடைத்தது. தாராளவாத ஜனநாயகம் என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பது நடைமுறையில் இவ்வளவுதான். ஆட்சியில் இருப்பவருக்குப் பிடிக்காதவர்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் இன்னொன்று நடந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும் கட்சிக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். தர்மபுரி அருகே வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சென்ற பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். அம்மாவுக்காகப் பிள்ளைகள் காட்டிய கோபத்தில் வேறு மூன்று அம்மாக்களின் பிள்ளைகள் போனார்கள். மரண தண்டனை பெற்ற மூவரின் தண்டனை பின்னர் ஆயுளாகக் குறைந்தது, எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018-இல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். தலைவரைத் தாயாக்கும் மொழி வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால், அந்தப் பேருந்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கட்சிக்கு ஏற்பட்ட பின்னடைவாக எடுத்துக்கொள்பவர் மேல்முறையீட்டைப் பற்றி யோசிப்பார். அதைத் தாய்க்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்பவர் தீப்பெட்டியைத் தேடுகிறார்.

கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதும் பதிவில் உள்ளதுதான். 1987-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளில் விடுவித்தார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் கூட்டமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ‘தி இந்து’ ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் 15 நாள் சிறை விதிக்க, உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2015-இல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. 2011-க்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் ஜெயலலிதா அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 200-ஐத் தாண்டின. பொது வாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. நகைச்சுவை, சங்கம், பத்திரிகை, பாட்டு ஆகிய நான்கும் வீட்டில் பிள்ளைகளுக்கு மறுக்கப்படுபவை. வாயாடாதே, கூட்டுச் சேராதே, வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லாதே, எதிர்த்துப் பாடாதே. பெண்பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம்.

இதன் உச்சம் 2016-இல் வந்தது. செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை 75 நாட்கள் முதல்வர் மருத்துவமனையில் இருந்தார். ஒரு மாநிலத்தின் ஆட்சித் தலைவருக்கு என்ன ஆயிற்று என்று அந்த மாநிலத்துக்குச் சொல்லப்படவில்லை. அக்டோபரில் அவருடைய படத்தை மேசையில் வைத்து அமைச்சரவை கூடியது. அம்மா இட்லி சாப்பிட்டார் என்று சொன்னார்கள். அது பொய் என்று 2017-இல் ஓர் அமைச்சர் மேடையிலேயே ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். தாய்க்கு உடம்பு முடியாதபோது சின்னப் பிள்ளைகளிடம் நாம் இப்படித்தான் சொல்வோம்: அம்மா சாப்பிட்டாச்சு, தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க. குடிமக்களிடம் இப்படிச் சொன்னதை ஏழு கோடிப் பேர் பொறுத்துக்கொண்டோம். மருத்துவமனை வாசலில் அழுத பெண்களின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் தகவல் கேட்கும் உரிமையின் இடத்தில் கண்ணீர் மட்டுமே மிஞ்சியிருந்தது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. பிலிப்பைன்ஸில் ரொட்ரிகோ துதெர்தேயை ஆதரவாளர்கள் ‘தாத்தாய்’ என்றார்கள். அவர்கள் மொழியில் அப்பா என்று பொருள். போதை ஒழிப்பு என்ற பெயரில் அந்த அப்பாவின் ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் ‘மாமா’ என்று அழைக்கப்பட்ட சிவராஜ் சிங் சௌகான் 2023 தேர்தலுக்கு முன் கொண்டுவந்த திட்டத்தின் பெயர் ‘லாட்லி பெஹ்னா’, செல்லச் சகோதரி. 2024-இல் மகாராஷ்டிரத்தில் அது ‘லாட்கி பஹீண்’ ஆயிற்று. மத்திய அரசின் பெண்குழந்தைத் திட்டம் ‘பேட்டி’ என்று, மகள் என்று அழைக்கிறது. 2023 மே 28 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், பாலியல் தொல்லைக்கு நீதி கேட்டுப் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் தெருவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். பதக்கம் வாங்கி வந்தபோது தேசத்தின் மகள்கள். புகார் கொடுத்தபோது அவர்களை அப்படி அழைக்க அரசில் ஆளில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு ‘நாரி சக்தி வந்தன்’ என்று பெயர். வந்தன் என்றால் வணக்கம். வணக்கம் உடனே கிடைத்தது. இடங்கள் கிடைக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

ஜெயலலிதாவுக்குப் பிறகு தமிழ்நாடு இந்த இலக்கணத்திலிருந்து வெளியே வந்துவிடவில்லை. 2024 டிசம்பர் இறுதியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானதை அடுத்து, நடிகர் விஜய் தங்கைகளுக்கு அண்ணனாக நிற்பதாகக் கைப்படக் கடிதம் எழுதினார். 2025-இல் முதல்வர் ஸ்டாலின், இளைஞர்கள் தன்னை ‘அப்பா’ என்று அழைப்பது மகிழ்ச்சி தருகிறது என்றார். இருவர் அக்கறையையும் நான் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் வளாகத்தில் நடக்கும் குற்றத்துக்கு ஒரு பெண் கேட்பது அண்ணனை அல்ல. சட்டப்படி அமைக்க வேண்டிய புகார்க் குழு, எரியும் தெருவிளக்கு, புகாரைக் கசியவிடாத காவல் நிலையம் ஆகியவற்றைக் கேட்கிறாள். அப்பாவும் அண்ணனும் வீட்டில் இருந்தும்தான் பல பெண்களுக்கு வீடு பாதுகாப்பில்லாமல் இருக்கிறது. குடும்பத்தை அரசுக்கு முன்மாதிரியாக வைப்பவர்கள் இதை எப்போதும் மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை தாய்மைப் பேச்சுக்கும் நடுவே, 2021 தேர்தலில் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்குப் போன பெண்கள் 12 பேர். உண்மையாகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிப் பெண்களுக்கு அரசு தருவதன் பெயர் இன்றும் ‘மதிப்பூதியம்’. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே உரிமையாகப் பேச முடிந்தது. பாசத்தின் பெயரால் செய்யப்படும் வேலைக்கு முழுக்கூலி கேட்கக் கூடாது என்பது வீட்டிலிருந்து அரசாங்கத்துக்குப் போன பழக்கம்.

மாற்று என்ன? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி. நம்மிடம் பெரியாரின் மரபும் இருக்கிறது. ‘பெரியார்’ என்ற பட்டத்தை 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் அவருக்குத் தந்தது. அங்கே பெண்கள் பட்டம் கொடுக்கும் இடத்தில் இருந்தார்கள். தலைவர் வாங்கும் இடத்தில் இருந்தார். பிற்பாடு அவரும் ‘தந்தை’ ஆனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொல் விஷயத்தில் நமக்கு நல்ல கருவிகள் இல்லை என்பது உண்மை. ‘குடிமகன்’ என்பதற்குக் ‘குடிமகள்’ என்ற பெண்பால் புழக்கத்தில் இல்லை. குடிமகன் என்பதே ஊர்ப்புறத்தில் நாவிதர் முதலான சேவைச் சாதியினரைக் குறித்த சொல். இன்று கேலியில் அது டாஸ்மாக் வாசலில் நிற்கிறது. அரசு அலுவலகத்தில் நமக்குக் கிடைக்கும் பெயர் ‘பயனாளி’. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இதிலிருந்து ஓரளவு விலகி நின்றது. கேட்டுப் 15 நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்று அது எழுதிவைத்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்கள் அதை ‘நூறு நாள் வேலை’ என்றார்கள். எந்தத் தலைவரின் பெயராலும் அழைக்கவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தின் பெயரில் ‘உரிமைத் தொகை’ என்று இருக்கிறது. நல்ல சொல். அதன் முன்னால் ‘கலைஞர்’ என்றும் இருக்கிறது. எந்தச் சொல்லை நாம் பிடித்துக்கொள்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யும் பெண், அது உரிமைதான் என்பதை அரசுக்கு நினைவூட்டுகிறாள்.

தொல்காப்பியத்தில் ஒரு பாகுபாடு உண்டு. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ‘ஈ’ என்பது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும் சொல். ‘தா’ என்பது ஒத்தவர் ஒத்தவரிடம் கேட்பது. ‘கொடு’ என்பது உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்பது. மன்னராட்சிக்கு முதல் சொல் போதும். அம்மாவிடமும் அப்பாவிடமும் அண்ணனிடமும் கை நீட்டிக் கேட்கும் அரசியலும் அந்த முதல் சொல்லிலேயே நிற்கிறது. ஜனநாயகம் நடுச் சொல்லால் பேசப்பட வேண்டியது. வாச்சாத்திப் பெண்கள் 31 ஆண்டுகள் அந்தச் சொல்லால்தான் கேட்டார்கள்.